இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்

ஆடியில் கல்யாணம் கிடையாது,
அதனால் ஆடியில் வாங்கப் போனோம்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்திக் கிடந்த
இருபத்தைந்து நிமிஷத்தில்
வண்டியை அணைத்துவிட்டு
மறுபடி கணக்குப் போட்டான் அருள்தாஸ்,
ஸ்டுடியோவில் பாதிப் பங்காளி, வீட்டில் முழுப் புருஷன்.
கையிருப்பு முப்பத்தெட்டு.
சீட்டு எடுத்தது நாற்பது.
பழைய கேமராவைத் தள்ளினால் பத்து,
அதுவும் லென்ஸில் பூஞ்சையை அவர்கள் பார்க்காவிட்டால்.

தஞ்சாவூர்க் கடையில் இம்தியாஸ்
இரண்டு பெட்டியைப் பிரித்து வைத்தான்.
சின்னது இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்.
"இருநூத்தம்பதுக்குள்ள இருந்தா பேப்பர் வேலை கம்மிக்கா."
ஒரே ஒரு கிராம் குனிந்து
சட்டத்துக்கு அடியில் நுழைந்துவிட்ட பிள்ளை.
மற்றது முக்கால் கிலோ.
பதிவு பண்ணணும், நம்பர் ஒட்டணும்,
வேலைக்குன்னா லைசென்ஸும் கேப்பாங்க.

"தொழிலுக்கா, ஆசைக்கா?"
"தொழிலுக்கு" என்றான் அருள்தாஸ்.
நான் ரிமோட்டின் குமிழை
இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

தொழிலுக்கு என்ன வேண்டும், எனக்குத் தெரியும்.
மண்டப வாசலில் பெண் இறங்கும் கார்,
மேலேயிருந்து ஒரு சுற்று.
மாப்பிள்ளையின் மாமாவுக்கு
அவர் ரைஸ் மில் எப்படியாவது படத்தில் வரணும்.
இரண்டு தென்னைக்கு நடுவே புகுந்து வரணும்.
பெண் அழுகிற நேரத்தில்
தலைக்கு மேல் குளவி மாதிரி இரையக் கூடாது.
தை, மாசி, வைகாசி,
முகூர்த்தம் எல்லாம் விடிகாலை,
இலை அசையாது.
சின்னது போதும்.

ஆனால் மூணாறு தலைப்பு இருக்கிறதே.
தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன்.
மதகுகள் தெரியும், இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான்.
கோரையாறு தனியே, பாமணியாறு தனியே என்று
வெண்ணாறு எந்த இடத்தில் மனசை மாற்றிக்கொள்கிறது?
நேர் மேலே நின்று பார்க்கணும்.
தண்ணீர் வருவதோ காற்றடிக்கும் மாதத்தில்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம்.
அம்மி பறந்தால் பறந்ததுதான்.
இது திரும்பி வரணும்.

புறவழிச்சாலைக்கு அப்பால் பொட்டலில்
ஏற்றிக் காட்டினான் இம்தியாஸ்.
சின்னது போனது,
போன இடத்தில் நிற்காமல் பின்னால் நழுவியது,
திரையில் சிவப்பாய் ஏதோ கத்தியது,
எதிர்காற்றில் வீட்டுக்கு வருவதற்குள்
பாதி பேட்டரி தீர்ந்தது.
பெரியதை ஏற்றினான்.
வானத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது.
ஒரு பருந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு
அக்கறையில்லாமல் போனது.

"மழையில?" என்றேன்.
"ரெண்டும் பறக்காதுக்கா, பொய் சொல்ல மாட்டேன்."
"மழை விட்ட மறுநாள்?"
"காத்து இருக்கும். பெருசு நிக்கும்."

போன கார்த்திகையில் பூவனூர்ப் பக்கத்திலிருந்து
வேதவல்லி என்று ஒரு பெண் வந்தாள்.
சம்பா முழுகிவிட்டது, இன்சூரன்ஸுக்குப் படம் வேணும்.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எடுத்துக் கொடுத்தேன்.
படத்தில் ஊரே ஒரு தாம்பாளத் தண்ணீர்,
அவள் வயல் எது, அடுத்தவன் வயல் எது,
வரப்பே இல்லை.
நான் காசு வாங்கவில்லை.
அவளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை என்று
பிறகு கேள்விப்பட்டேன்.
அவளை எந்தப் பக்கம் எழுதுவது,
தொழிலா, ஆசையா?

"பெருசையே போடு" என்றேன்.
தொண்ணூற்று நாலு.
பூஞ்சையை அவர்கள் பார்க்கவில்லை.
குறைந்த ஆறாயிரத்தை ஆவணிக்குச் சொன்னேன்.
அருள்தாஸ் ரசீதைப் படித்தான்,
திருப்பிப் படித்தான்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
அம்மாப்பேட்டை தாண்டியும் பேசவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவே
பெட்டி என் வயிற்றை இடித்துக்கொண்டு வந்தது.

திரும்பவும் கேட் சாத்தியிருந்தது.
சரக்கு ரயில், நெல் மூட்டை, பெட்டி பெட்டியாய்.
அவன் தலையைத் திருப்பாமல்
"எவ்ளோ உயரம் போகுமாம்?" என்றான்.
"நூத்திருபது மீட்டர்."
அண்ணாந்து பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
அங்கே ஒன்றுமில்லை, கொஞ்சம் மேகம்.
கேட் திறந்திருக்கிறது போல.
பின்னால் ஒரு மினி பஸ்
ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.